தற்காலிகக் குரல்

விண்கலத்தின் தலைவருக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்துவிட்டது. பூமியை விட்டுப் புறப்பட்டுப் பதினோரு வருடம் ஆன மனிதர், அண்டவெளியின் இருட்டுக்கே அஞ்சாதவர், முதுகு ஜிப்பு பாதியில் சிக்கிக்கொண்டதில் கதிகலங்கிப்போய் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். ஜிப்பு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

“ஆன்ட்டி, சீக்கிரம் ஆன்ட்டி. சத்தியமா தாங்காது.”

“ஆடாம நில்லுப்பா ஜீவன். நீ டான்ஸ் ஆடினா நான் எப்படி இழுக்கறது?”

வலேரி கைப்பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து ஜிப்பின் பல்லில் அழுத்தித் தேய்த்தாள். இரண்டு இழுப்பில் ஜிப்பு இறங்கியது. கேப்டன் ஜீவன், அதாவது பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் குளிர்சாதனம் பழுதுபார்க்கும் ஜீவன், பத்து நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்து நடிக்க வந்தவன், விண்வெளி உடையை இடுப்பில் தொங்கவிட்டபடி கழிவறைக்கு ஓடினான். படக்குழுவே சிரித்தது. வலேரி மட்டும் சிரிக்கவில்லை. இந்த ஜிப்பை மாற்றச் சொல்லி மூன்று தடவை சொல்லியாயிற்று, கேட்டால்தானே என்று முனகிக்கொண்டே நூலைக் கோத்தாள்.

ஐம்பத்தேழு வயதில் விண்வெளி உடை தைப்போம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஐந்து வருடம் மெஷினில் உட்கார்ந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு மாசாய்க்கு வந்து, வீட்டு முன்னறையிலேயே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பள்ளிச் சீருடை, ரவிக்கை, மாதா கோயில் பாடகர் குழுவுக்கு அங்கி, தொழிற்சாலை ஆட்களுக்கு ஓவரால். அந்த ஓவராலைப் பார்த்துவிட்டுத்தான் ரூபேந்திரன் தேடி வந்தான். கையில் ஒரு படம். அதை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எந்தக் கம்பெனி யூனிஃபார்ம்பா?” என்று கேட்டாள்.

“கம்பெனி இல்ல ஆன்ட்டி. விண்வெளி.”

“விண்வெளின்னா எங்க? தஞ்சோங் லங்சாட் பக்கமா?”

இந்தக் கதையை ரூபேந்திரன் இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். சிரிக்கட்டும். அவனுக்கும் சிரிக்க வேறு விஷயம் அதிகம் இல்லை. ஜொகூர் பாருவில் பிறந்து வளர்ந்து, ஒன்பது வருடம் தினமும் பாலம் கடந்து சிங்கப்பூரில் அடுத்தவன் படங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவன். மோட்டார் சைக்கிளில் நெரிசலில் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் செவ்வாய்க்கே போய் வந்திருக்கலாம் என்பான். அந்த நெரிசலில் நின்றபடியே யோசித்ததுதான் ‘நெடுவான்’ என்ற தொடர். முதலில் பதின்மூன்று பாகம், நாலு கிரகம், இரண்டு வகை வேற்றுக்கிரகவாசிகள். கோலாலம்பூர் தொலைக்காட்சி நிலையம் எட்டுப் பாகம் போதும் என்றது. பிறகு வேற்றுக்கிரகவாசிக்கு முகமூடி செய்யக் கட்டுப்படியாகாது என்றது. பிறகு நாலு கிரகம் ஒன்றாகி, அந்த ஒன்றும் கழன்று, கடைசியில் கலத்துக்குள்ளேயே நடக்கிற ஒரே ஒரு முன்னோட்டப் பாகம் எடுத்துக் காட்டு, பார்க்கலாம் என்று வந்து நின்றது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். கிரகமே இல்லாத விண்வெளிக் கதையை எவன் எடுப்பான்? ரூபேந்திரன் எடுத்தான்.

முன்பு மெத்தை அடுக்கி வைத்திருந்த கிடங்கு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. ஆயர் ஈத்தாம் பக்கம் பழைய இரும்புக் கடையில் வாங்கிய பேருந்து இருக்கைகள் கேப்டன் நாற்காலிகள் ஆயின. சுவரெல்லாம் முட்டை அட்டைகளுக்குச் சாம்பல் சாயம். கதைப்படி கலத்தில் நாலு பேர், நாற்பது வருடப் பயணம். ஐந்தாவதாகக் கலமே பேசும். கூரையிலிருந்து வரும் பெண் குரல் நேரம் சொல்லும், ஆபத்து சொல்லும், தூங்கச் சொல்லும். அந்தக் குரலைப் பிற்பாடு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேறு யாராவது பேசிச் சேர்ப்பார்கள். படப்பிடிப்பின்போது நடிகர்கள் பதில் பேச வேண்டுமே என்பதற்காக, உதவி இயக்குநர் பெண் ஒருத்தி மூலையில் உட்கார்ந்து மைக்கில் சும்மா வாசிப்பாள். தற்காலிகக் குரல். நான்காம் நாள் அந்தப் பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது.

“ஆன்ட்டி, உங்களுக்குத் தமிழ் நல்லா வாசிக்க வரும்ல?” என்று ரூபேந்திரன் கேட்டான்.

வரும்லவா? ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் இருபது வருடமாக முதல் வாசகம் வாசிக்கிறவள் வலேரி. எசாயா வாயில் தடுக்கியதில்லை, பவுலடியார் தடுக்கியதில்லை. இந்தக் கலமா தடுக்கப்போகிறது? மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தாள். “இது சும்மா கைடுக்குத்தான் ஆன்ட்டி, பின்னாடி வேற ஆள் பேசுவாங்க,” என்று அவன் அப்போதே சொன்னான். மறைக்கவில்லை. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அன்று காலை ஏழு மணிக்கு உடைக்குள் போன ஜீவன் பிற்பகல் மூன்று வரை வெளியே வரவில்லை. ஒரு தரம் கழற்றி மாட்ட முக்கால் மணி நேரம் ஆகிறதென்று அவனே வேண்டாமென்றுவிட்டான். தலைக்கவசத்தின் கண்ணாடியில் ஆவி படிந்து படிந்து விலகியது. உதடு காய்ந்திருப்பது மூலையிலிருந்தே வலேரிக்குத் தெரிந்தது. காட்சி இதுதான்: கேப்டன் தனியாக உட்கார்ந்திருக்கிறார், கலம் பேசுகிறது. தாளில் இருந்த வசனம், ‘உணவு நேரம் தொடங்கியது. குழுவினர் உணவறைக்கு வரவும்.’ ஒத்திகையில் மூன்று தடவை அதை அப்படியே வாசித்தாள். கேமரா ஓட ஆரம்பித்தபோது அவள் கண் தாளில் இல்லை. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீரோடு உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையின் மேல் இருந்தது. வாயில் வந்தது வேறு.

“பசியாறியாச்சா?”

கிடங்கு முழுக்க அது ஒலிபெருக்கியில் கேட்டது. வலேரி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜீவன் தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தான். சிரித்துவிடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வசனத்தில் இல்லாத ஒரு பதிலைச் சொன்னான்.

“இன்னும் இல்ல.”

ரூபேந்திரன் கட் சொல்லவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

மலேசியாவில் வளர்ந்த தமிழனுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. காலையில் யாரைப் பார்த்தாலும் நலமா என்று கேட்பதற்கு முன் பசியாறியாச்சா என்றுதான் கேட்போம். துக்க வீட்டிலும் கேட்போம், கல்யாண வீட்டிலும் கேட்போம். கோபத்தில் பேசாமல் இருக்கும் கணவன் மனைவிகூட அதை மட்டும் கேட்டுக்கொள்வார்கள். ஆனால் வலேரி அதைச் சொல்லி இரண்டு வருடம் மூன்று மாதம் ஆகியிருந்தது. கணவர் ரேமண்டிடம்கூட ‘சாப்பாடு மேசையில இருக்கு’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வாள். அந்த வார்த்தை அவள் வாயில் அப்படிக் கசந்துபோயிருந்தது.

ஒரே மகள் ஷர்மினி. கடல் கடந்து பெர்த் நகரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை, கணவன் பிராண்டனுக்கும் அங்கேயே. சின்ன வயதிலிருந்தே ராக்கெட், வேற்றுக்கிரகம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவளுக்கு. தட்டோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து தட்டை மறந்துவிடுவாள், அம்மாக்காரி பின்னாலேயே நின்று ஊட்டுவாள். முப்பத்தோரு வயதில் பிள்ளை உண்டாகி நான்காம் மாதத்தில் கலைந்துபோயிற்று. காணொளி அழைப்பில் மகளின் வீங்கிய முகத்தைப் பார்த்த வலேரிக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அள்ளி மடியில் போட்டுக்கொள்ள முடியாத தூரம். என்ன சொல்வதென்று தெரியாமல், எதையாவது சொல்ல வேண்டுமே என்று, “பசியாறாம வெறும் காப்பியக் குடிச்சிட்டு வேலைக்கு ஓடினா வயித்துல எப்படிம்மா தங்கும்?” என்றாள்.

நரம்பில்லாத நாக்கு. சொன்ன அந்த நொடியிலேயே அதைப் பிடித்து இழுத்துத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள முடிந்தால் உயிரைக்கூடக் கொடுத்திருப்பாள். ஷர்மினி அழைப்பைத் துண்டித்தாள். திரை இருண்டது. மறுநாள் அப்பாவுக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது: ‘மம்மிகிட்ட கொஞ்ச நாள் பேச வேணாம் டாடி.’ அந்தக் கொஞ்ச நாள்தான் இப்படி நீண்டுகொண்டு போகிறது. வலேரி அனுப்பிய குரல் செய்திகள் ஒற்றைச் சாம்பல் குறியோடு அப்படியே நின்றன. அப்புறம் அவள் அனுப்புவதை விட்டுவிட்டாள்.

ரேமண்டுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அழைப்பு வரும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். உயரத்தில் தனியாக உட்கார்ந்தே பழகியதாலோ என்னவோ, பேச்சு குறைவு. தொலைபேசியை எடுத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் போய் நின்று பேசுவார். வலேரி அடுப்படியில் குழாயை மூடி, மின்விசிறியை அணைத்து, அவருடைய பாதிப் பேச்சைக் கேட்பாள். ‘ம்’ என்றால் நல்ல செய்தி. ‘ம்ம்’ என்று இழுத்தால் உடம்பு சரியில்லை. இரண்டு வருடமாக மகளை அவள் அந்த ‘ம்’களில் வளர்த்துக்கொண்டிருந்தாள்.

படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த அந்த ஞாயிறு, வழக்கத்துக்கு மாறாக ரேமண்ட் வெளியிலிருந்து சத்தம் போட்டார்.

“வலேரி! அந்த விண்வெளி சட்டை என்ன கலரு?”

அவளுக்குக் கை கால் ஓடவில்லை. மகள் கேட்கிறாள். அவளைப் பற்றிக் கேட்கிறாள்! ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தேவைக்கு மேல் சத்தமாக, பெர்த் வரைக்கும் கேட்கட்டும் என்று கத்தினாள்.

“சாம்பல்! தோள்பட்டையில மட்டும் ஆரஞ்சு! உள்ள பஞ்சு வச்சிருக்கேன்!”

“ஊர் முழுக்கக் கேக்குது,” என்று முணுமுணுத்துவிட்டு ரேமண்ட் தொலைபேசியில், “சாம்பலாம்மா. ம். மம்மி கொரலும் வருதாம்மா அதுல. கப்பல் பேசுதாம், அது மம்மிதான்,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து செருப்பைக் கழற்றியபடி, “வந்தவுடனே லிங்க் அனுப்பச் சொன்னா,” என்றார். அவ்வளவுதான். அடுப்பில் குழம்பு அடிபிடித்தது. வலேரி அதைக் கிளறாமல் நின்று அழுதாள்.

அன்றிலிருந்து தொடங்கியது ஆசை. அதுவரை ஒரு வேலையாக வாசித்ததை இப்போது உயிரைக் கொடுத்து வாசித்தாள். ரூபேந்திரனும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கதையையே திருப்பி எழுதினான். இப்போது கலம் தினமும் நாலு பேரையும் பெயர் சொல்லிப் பசியாறியாச்சா என்று கேட்கும். ஒவ்வொருவராக இறந்து கேப்டன் மட்டும் மிஞ்சிய பிறகும், காலியான மூன்று நாற்காலிகளையும் விடாமல் கேட்கும். அந்தக் காட்சி எடுத்த நாளில் வலேரி மூன்றாவது பெயரில் திணறினாள். நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடியும் கேட்டாள். மேலே ஏணியில் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“ஆன்ட்டி குரலையே வச்சிரலாம் பாஸ்,” என்றான் ஜீவன்.

“வச்சா நல்லாத்தான் இருக்கும் லா,” என்றான் ரூபேந்திரன். பிறகு வலேரியைப் பார்த்து, “நிலையத்துல பேசிப் பாக்கறேன் ஆன்ட்டி,” என்றான்.

பேசிப் பார்க்கிறேன் என்று நம் ஆள் ஒருவன் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். வலேரிக்குத் தெரியாதா? பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சொல்வது, கடன் கேட்டால் மச்சான் சொல்வது. எல்லாம் தெரியும். தெரிந்தும் அன்று வீட்டுக்குப் போகிற வழியில் காரில் ரேமண்டிடம், “என் குரலையே வச்சிக்கறாங்களாம்,” என்று சொல்லிவிட்டாள்.

ஆறு வாரம் கழித்து ரூபேந்திரன் வீட்டுக்கே வந்தான். கையில் ஒரு பெட்டி பழம். தொலைபேசியில் சொல்ல வேண்டியதைப் பழத்தோடு வந்து சொல்கிறான் என்றால் விஷயம் இன்னதென்று அவளுக்கு வாசலிலேயே புரிந்துவிட்டது. நிலையத்தில் படம் பிடித்துப்போயிற்று. கலத்தின் குரல் மட்டும் மக்களுக்குத் தெரிந்த குரலாக இருக்க வேண்டுமாம். புஷ்பவள்ளி என்று ஒருவர், முப்பது வருடமாக வானொலியிலும் விளம்பரத்திலும் பேசுகிறவர். குரலைக் கேட்டால் ‘அட, இவங்களா’ என்பீர்கள். நிலையத்துப் பெண் ஒருத்தி வலேரியின் குரலைக் கேட்டுவிட்டு, “கேன்டீன் ஆன்ட்டி மாதிரி இருக்கு,” என்று சொன்னதை ரூபேந்திரன் சொல்லவில்லை. ஜீவன் சொல்லித்தான் பிறகு தெரிந்தது.

“பரவால்லப்பா. நீ முதல்லயே சொன்னதுதானே,” என்றாள் வலேரி.

“ஆன்ட்டி, இன்னொரு விஷயம். புஷ்பவள்ளி அம்மா உங்கள வரச் சொல்றாங்க. உங்க குரலைப் போட்டுக் கேட்டாங்க. அந்த ஒரு வார்த்தைய நீங்க சொல்ற மாதிரி சொல்லணும்கறாங்க.”

வர மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவள், எப்போது என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜொகூர் பாருவில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்தது ஒலிப்பதிவுக் கூடம். புஷ்பவள்ளிக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளைப் பருத்திப் புடைவை, மூக்கின் நுனியில் கண்ணாடி. கெட்டவராக இருந்திருந்தால் வலேரிக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். அவரோ எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“நீங்கதானா? வாங்க, வாங்க. நாலு நாளா உங்க குரலைத்தான் காதுல மாட்டிக்கிட்டுத் திரியறேன். மத்ததெல்லாம் நான் பேசிருவேன். இந்த ஒண்ணுதான் ஆட்டம் காட்டுது. எங்க இழுக்கறீங்க? ‘றி’யிலயா, ‘ச்சா’விலயா?”

வலேரி அதை யோசித்ததே இல்லை. இப்போது யோசித்தாள். யோசித்ததும் புரிந்துவிட்டது. அவள் எதையும் இழுப்பதே இல்லை. அது கேள்வியே இல்லை. ஷர்மினி பசியாறாமல்தான் பள்ளிக்குப் போவாள் என்று தெரியும், தெரிந்தேதான் ஒவ்வொரு காலையும் கதவருகில் நின்று கேட்பாள். பதில் வருமுன்பே ரொட்டியைப் பையில் திணித்துவிடுவாள். ஆகவே அந்தக் கடைசி எழுத்து மேலே ஏறாது. கீழே இறங்கி நின்றுவிடும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். இந்த அம்மாவின் தேர்ந்த குரலுக்கு ஒரே தடவை சொன்னாலே போதும், அப்படியே பிடித்துக்கொள்வார். பிடித்துக்கொண்டால், அப்புறம் அது இவருடையது. பெர்த்தில் மகள் கேட்கும்போது அந்த இறக்கத்தோடு வேறொரு பெண் அவளைக் கேட்பாள்.

“சும்மா வாயில வந்ததுங்க. எல்லாரும் கேக்கற மாதிரிதான்,” என்றாள் வலேரி.

புஷ்பவள்ளி தலையாட்டிவிட்டு அவள் கையை விட்டார். பிறகு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் மைக் முன்னால் நின்றார். பசியாறியாச்சா? பசியாறியாச்சா? தேன் மாதிரிக் குரல். அடேயப்பா, என்ன குரல்! ஒவ்வொரு தடவையும் கடைசி எழுத்து அழகாக மேலே ஏறி, பதிலுக்காகக் காத்து நின்றது. தப்பு. பதினாறு தடவையும் தப்பு. ரூபேந்திரன் வலேரியைத் திரும்பிப் பார்த்தான்.

“சரியா வருதா ஆன்ட்டி?”

“ரொம்ப நல்லா இருக்குப்பா,” என்றாள்.

பொய்தான். பூசையில் வாசகம் வாசிக்கிறவள், இருபது வருடமாகக் கடவுளின் வார்த்தையைப் பிசகாமல் சொல்கிறவள், வாய் கூசாமல் சொன்ன பொய். காரில் ரேமண்ட் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, “அவங்க நல்லா பேசறாங்க,” என்றாள். கொஞ்ச தூரம் போனபின், “ஷர்மினிகிட்ட இதச் சொல்லிராதீங்க,” என்றாள். “அவளா தெரிஞ்சிக்கட்டும். இல்லாட்டி தெரியாமலே இருக்கட்டும்.” அம்மாவின் குரல் என்று நம்பியாவது மகள் ஒரு தடவை அதைக் கேட்கட்டுமே என்று அவளுக்குத் தோன்றியது. அது எவ்வளவு கேவலமான ஆசை என்றும் கூடவே தோன்றியது. புஷ்பவள்ளி பிடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு மாசாய் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

முன்னோட்டத் துணுக்கு ஒரு வெள்ளிக்கிழமை வெளியானது. இரண்டு நிமிடம். கேப்டனின் முகம், ஆரஞ்சுத் தோள்பட்டை, முட்டை அட்டை என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாத சாம்பல் சுவர். முடிவில் மூன்று காலி நாற்காலிகள். கூரையிலிருந்து புஷ்பவள்ளியின் குரல் கேட்டது, பசியாறியாச்சா என்று. ஜீவன் அழைத்து, “நல்லாதான் இருக்கு ஆன்ட்டி, ஆனா எனக்கு அழுகை வரல,” என்றான். ரேமண்ட் சனிக்கிழமை லிங்கை மகளுக்கு அனுப்பினார். இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வலேரி மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். கோயிலில் முதல் நற்கருணையாகப் புதுநன்மை வாங்கப்போகும் ஒரு பெண் பிள்ளையின் வெள்ளைக் கவுன். விளிம்பு இரண்டு அங்குலம் ஏற்ற வேண்டும். பத்துப் பன்னிரண்டு குண்டூசிகளை உதட்டிடுக்கில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து மடிப்பில் குத்திக்கொண்டே போனாள். வெளியே தொலைபேசி மணி அடித்தது. கை தன்னால் நின்றது.

“ம்,” என்றார் ரேமண்ட். “பாத்தியா? ம். இல்லம்மா... அது வந்து... ஆமாம்மா. மாத்திட்டாங்க. வேற ஆளு.”

பிறகு சத்தமே இல்லை. அந்தப் பக்கம் மகள் என்னவோ நிறையப் பேசுகிறாள், இந்தப் பக்கம் ஒரு ‘ம்’கூட வரவில்லை. ‘ம்’ இல்லாத மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று வலேரிக்குத் தெரியாது. அப்படி ஒன்று இதுவரை வந்ததில்லை. தெரு முனையில் ஐஸ்கிரீம்காரன் மோட்டார் சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

ரேமண்ட் உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. முப்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் அந்த மனிதர் செருப்போடு வீட்டுக்குள் வந்து அவள் பார்த்ததில்லை.

“மொதல் தடவையே கண்டுபிடிச்சிட்டா,” என்றார். “இது மம்மி இல்ல டாடி, மம்மி இப்படிக் கேக்க மாட்டாங்கன்றா.”

தொலைபேசியைக் கவுன் மேல், வெள்ளைத் துணியின் நடுவில் வைத்தார். ஒலிபெருக்கியை அழுத்தினார்.

“லைன்லதான் இருக்கா. உன்னை ஒரு தடவ சொல்லச் சொல்றா.”

வலேரி வாயைத் திறக்கப் பார்த்தாள். உதட்டில் ஊசிகள். அவசரப்பட்டால் உள்ளே போய்விடும். முதல் ஊசியை எடுத்துப் பஞ்சுப் பந்தில் குத்தினாள். அடுத்தது. பெர்த்தில் எங்கோ ஒரு மின்சாரக் கெண்டி கொதிக்கும் சத்தம் கேட்டது. யாரோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்கள். மூச்சு கேட்டது. இரண்டு வருடத்துக்குப் பிறகு, இவ்வளவு பக்கத்தில், மகளின் மூச்சு.

“மம்மி?”

கண் மறைத்தது. ஊசி எது, உதடு எது என்று தெரியாமல் தடவித் தடவி எடுத்தாள். ஒன்று கீழே விழுந்து சிமெண்டுத் தரையில் உருண்டது. ரேமண்ட் செருப்புக் காலோடு குனிந்து அதைத் தேடத் தொடங்கினார். கெண்டி கொதித்து முடித்து டக்கென்று நின்றது. மகள் காத்துக்கொண்டிருந்தாள். வலேரியின் உதட்டில் இன்னும் மூன்று ஊசிகள் இருந்தன.